சொல்லாமல் விட்ட ‘வரோம்’

கோடையில் நானும் என் கணவரும் காரில் கன்னியாகுமரி வரை போய், வழியெல்லாம் கூடாரமடித்துத் தங்கிவிட்டு மயிலாப்பூர் திரும்பினோம். எங்கள் வாடகை வீட்டு வாசலில் யாரோ கோலம் போட்டிருந்தார்கள். உள்ளே வேறொரு குடும்பம். எங்கள் பாத்திரங்கள் கொல்லையில் கிடந்தன.

பக்கத்திலேயே குடியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கிளம்பறச்சே உங்க ஆத்துக்காரர் ‘போறோம்’னுதானே சொன்னார்? ‘போயிட்டு வரோம்’னு சொல்லலையே. காலி பண்ணிண்டு போயிட்டேள்னு நினைச்சேன்" என்றார்.

காலி செய்கிறவர்கள் பாத்திரத்தை விட்டுவிட்டா போவார்கள்? வீடு கிடைக்காத இந்தக் காலத்தில், கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் வைக்க அவருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

நானும் விடவில்லை. அவர் வாசலிலேயே கூடாரத்தை அடித்து அடுப்பு மூட்டினேன். தெருவே கூடி அவரைக் கேள்வி கேட்ட பிறகு வீடு திரும்பக் கிடைத்தது.

இப்போது கறிகாய் வாங்கக் கிளம்பினாலும், அவர் காதில் விழும்படி "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டே படியிறங்குகிறேன். கூடாரத்தையும் அவர் கண்ணில் படும்படிதான் வைத்திருக்கிறேன்.