கூப்பிட்டால் கேட்கிற வீடு

சும்மா கிடைத்த புதுக் கல்வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காசு கொடுத்து வெடித்த சுவர் வீடொன்றை வாங்கிய மனிதரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆரையம்பதியில் ஒருவர் இருந்தார். பெயர் அருமைநாயகம். வாவியில் தோணி தள்ளி இறாலும் நண்டும் பிடிப்பது தொழில். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டியபோது அவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. ஊர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது. ஆனால் ஊர் எப்போது ஆறுதலாக யோசித்திருக்கிறது?

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்பது பெண்ணுடைய பொருள். தாய் அதை மகளுக்குக் கொடுப்பாள். மகள் கலியாணம் முடித்ததும் தாய் அதே வளவில் பின்பக்கமாக ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். ஆண்பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போவான். அங்கே கூரை வேய்வான், வேலி கட்டுவான், சாகும்வரை அது அவளுடைய வீடு என்றே சொல்வான். அருமைநாயகமும் அப்படித்தான் கொஞ்சம் தள்ளியிருந்த கல்லடி ஊருக்குப் போனார். தவமணியின் வீடு கடற்கரைப் பக்கமாக, சவுக்குத் தோப்பைத் தாண்டித் தனியே நின்றது. காற்றோட்டமான இடம், சண்டை பிடிக்க அயலில்லை என்று அவருக்கு அப்போது பெரிய சந்தோஷம்.

கடல் எழும்பி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாவியில் நின்றார். மகள் தனுஷாவுக்குப் பதினொரு வயது. பள்ளி விடுமுறைக்கு ஆரையம்பதியில் மாமி வீட்டில் நின்றாள். இரண்டு பேரும் அப்படித்தான் தப்பினார்கள். வீட்டில் இருந்தது தவமணி மட்டும். மறுநாள் அவளுடைய உடலை எடுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் மிச்சம் நின்றது.

தென்னை ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தப்பிய ஒருவர், தோப்புக்கு அந்தப் பக்கத்து வளவுக்காரர், அகதி முகாமில் வைத்து ஒரு சங்கதி சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"ஒரு பொம்பிளைர சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திச்சு மச்சான். எந்தப் பக்கமெண்டு விளங்கல்ல. பிறகு நிண்டிட்டு."

பக்கத்தில் பத்து வீடு இருந்திருந்தாலும் கடலோடு மல்லுக்கட்டியிருக்க முடியாது. அது அருமைநாயகத்துக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தவமணி கூப்பிட்டிருக்கிறாள், யாரும் வரவில்லை. அந்த ஒரு வசனம் அவருக்குள் போய்க் குந்திக்கொண்டது. அதன் பிறகு அவர் வீடு பார்த்த விதமெல்லாம் அந்த வசனம் பார்த்த விதம்தான்.

முகாமிலிருந்து தங்கை யசோதினியின் வீட்டுக்கு வந்தார்கள். யசோதினி பாசக்காரி, குறை சொல்ல முடியாது. ஆனால் அது அவள் மகளுக்குப் போகவேண்டிய வீடு. பிறந்த வீட்டில் ஆணுக்கு உரித்து இல்லை, மனைவியும் போய்விட்டால் அவன் எந்த வீட்டுக்கும் ஆளில்லை. அவளுடைய புருஷன், மச்சான் வினாயகமூர்த்தி, வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. விறாந்தையில் கிடந்த அருமைநாயகத்தின் வலையைத் தினமும் ஒரு தரம் இடம் மாற்றி வைப்பார், அவ்வளவுதான். அருமைநாயகத்துக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வருஷம் வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தது. கடலுக்குத் தூரமாக, உள்ளே வெட்டவெளியில் புது வீடுகள். ஓடு, சீமெந்து நிலம், கக்கூஸ், எல்லாம் கச்சிதம். அருமைநாயகம் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். அவளை வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

"மகள், நான் போய் அடுத்த வீட்டடியில நிக்கிறன். கொஞ்சத்தால அப்பா எண்டு கூப்பிடு. பலமாக் கூப்பிடு."

அடுத்த வீடு தூரத்தில் இருந்தது. சோழகக் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் தனுஷா கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன் அப்பா. கேக்கல்லையா?"

அவர் கதவுத் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திட்டத்து அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். "பிறகு வந்து அழக்கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார். அருமைநாயகம் தலையாட்டினார். யசோதினி அன்று முழுக்க அண்ணனோடு பேசவில்லை.

பிறகு காசு சேர்க்கும் காலம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விடியலில் வாவி, வெயிலில் மற்றவர்களுக்கு எழும்பிய சுனாமி வீடுகளுக்குச் சீமெந்து குழைக்கும் கூலி. கிடைத்த நேரத்தில் விற்பனைக்கு இருக்கும் வீடுகளைப் போய்ப் பார்த்தார். எங்கே போனாலும் அந்தப் பரீட்சைதான். மகள் உள்ளே, அப்பா வெளியே. செட்டிபாளையத்தில் ஒரு நல்ல வீடு அப்படித்தான் தோற்றது. வீட்டுக்காரர் சுவரைத் தட்டிக் காட்டினார், மரத்தைக் கீறிக் காட்டினார். இவர் வேலியில் போய் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். தனுஷாவுக்கும் வெட்கம் பிடித்துவிட்டது. "இதுதான் கடைசி அப்பா, இனி நான் கத்தமாட்டன்" என்று அவள் சொன்ன பிறகுதான் இரத்தினம்மாவின் ஒழுங்கைக்குப் போனார்கள்.

வாவிக்கரையை ஒட்டிய ஒழுங்கை அது. சைக்கிளில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் இறங்கவேண்டும். மீன்காரரும் கூலிக்காரரும் குடியிருந்த வீடுகள், கூரையோடு கூரை முட்டிக்கொண்டு நின்றன. எல்லாம் ஒரே வளவு ஒரு காலத்தில். அக்கா தங்கச்சிமாருக்குப் பங்கு பிரிந்து பிரிந்து இப்படி ஆயிற்று. தென்னோலை பின்னிய கிடுகு வேலிகளில் ஆள் போக வர ஓட்டை வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக் குசினியில் மீன் பொரித்தால் நாலு வீட்டுப் பூனை வரும். இரத்தினம்மாவின் வீட்டில் இரண்டு அறை, ஒரு சுவரில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு, கிணறு பக்கத்து வீட்டோடு கூட்டு. அவவுக்கு மகள் இல்லை. இரண்டு மகன்மாரும் மனைவிமார் வீட்டில். சண்டை திரும்பவும் மூண்டு நாடு கிடந்த கிடையில் மூத்தவனை எப்படியாவது கட்டாருக்கு அனுப்பிவிட வேண்டும் என்றுதான் விற்க நின்றா.

தனுஷா உள்ளே போனாள். அருமைநாயகம் ஒழுங்கை முனைவரை போகக்கூட இல்லை.

"அப்பா!"

வேலி ஓட்டைகளுக்குள்ளால் நாலு பெண்கள் வந்து விழுந்தார்கள். ஒருத்தி கையில் அகப்பை. ஒருத்தி தலையில் சவர்க்கார நுரை வழிய நின்றாள். எல்லாருக்கும் முன்னால் உலக்கையோடு வந்தவ ஆச்சிப்பிள்ளை, இரத்தினம்மாவின் தங்கை, அடுத்த வீட்டுக்காரி.

"என்ன புள்ள? ஆர்? பாம்பா?"

"ஒண்டுமில்ல. அப்பா கத்தச் சொன்னவர்" என்றாள் தனுஷா.

அதற்குப் பிறகு அருமைநாயகம் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது. நுரைத் தலைக்காரி ஒரு தரம், அகப்பைக்காரி ஒரு தரம், பிறகு ஆச்சிப்பிள்ளை ஆறுதலாக, முறைவைத்து. அவர் தலையைக் குனிந்து நின்று கேட்டார். கண் கலங்கிப்போயிருந்தது. வீடு தேடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வீடு பிடித்துவிட்டது. ஒழுங்கைக்குத்தான் அவரைப் பிடிக்கவில்லை.

"ஆம்பிளை வீடு வாங்குறதா? எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா அக்கா?" என்று ஆச்சிப்பிள்ளை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே அக்காவைக் கேட்டா, அருமைநாயகத்துக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக. "இண்டைக்குப் பெண்சாதி செத்த கவலை. நாளைக்கு ஒருத்தியக் கூட்டிக்கொண்டு வந்து குந்தவைப்பான். வீடு அவன்ட பேரில. பிறகு இந்தப் புள்ள எங்க போறது? எங்கட அம்மா இருந்த வீடு இது. எவளோ வந்து ஆளுறதுக்கு நாங்க கிணத்தில பங்கு குடுக்க ஏலா."

அவ சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். அருமைநாயகம் அன்று திரும்பிப் போனார். அடுத்த நாள் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். வரும்போது வெறுங்கையோடு வந்து வேலியடியில் குந்தியிருப்பார். மீன் கொண்டுவந்தால் காக்கா பிடிக்கிறான் என்பார்களே என்று அதையும் யோசித்து விட்டிருந்தார். நாலைந்து நாளில் இரத்தினம்மாவே வேலி வாசலுக்கு, கடப்படிக்கு வந்தா.

"என்ன மனே, உனக்கு வேற வீடே கிடைக்கல்லையா?"

"கிடைச்சது பெரியம்மா. கூப்பிட்டா ஆரும் வராத வீடுகள். நான் வாவிக்குப் போனா இவள் தனிய. இருக்கிற நிலமை உங்களுக்குத் தெரியும். வீட்டை என்ட பேரில எழுத வேணாம். தனுஷாட பேரில எழுதுங்க."

"அவள் நாளைக்குக் கலியாணம் முடிச்சா, உனக்கு?"

"எனக்கு எப்ப வீடு இருந்திச்சு பெரியம்மா?"

இரத்தினம்மா வீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்தா. பிறகு ஒரு நிபந்தனை போட்டா. பின்வளவில் ஒரு குடில் போட்டுக்கொண்டு சாகுமட்டும் தான் அங்கேயே இருப்பதாக. மகளுக்கு வீடு கொடுத்த தாய் அப்படித்தான் இருப்பா. மகள் இல்லாத இரத்தினம்மா அந்த வழக்கத்தைக் காசு வாங்கிக்கொண்டாவது செய்து பார்த்துவிட நினைத்தாவோ என்னவோ. அருமைநாயகம் குடிலைத் தானே கட்டித் தருவதாகச் சொன்னார்.

உறுதி எழுதுகிற நொத்தாரிசு பேனையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "பிள்ளைக்கு இன்னும் பதினெட்டு வயசு வரல்ல. உங்கட பேரில முடிச்சிட்டுப் பிறகு குடுக்கலாமே. சரி, சாகுமட்டும் இருக்கிற சீவிய உரித்தையாவது வைச்சுக்கொள்ளுங்க. நாளைக்கு மருமகன் வெளிய போ எண்டா என்ன செய்வீங்க?"

"போவன் ஐயா" என்றார் அருமைநாயகம்.

ஒரு நல்ல நாளில் தனுஷா அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினாள். இரத்தினம்மா பக்கத்தில் நின்று ஊதச் சொல்லிக் கொடுத்தா. யசோதினி வந்தாள், அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒழுங்கைப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், நுரைத் தலைக்காரி ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்தாள். ஆச்சிப்பிள்ளை மட்டும் வரவில்லை. உறுதி எழுத்து முடிந்துவிட்டதால் கிணற்றுப் பங்கை மறிக்க வழியில்லாமல், வேலியில் இருந்த ஓட்டையைக் கிடுகு வைத்து அடைத்தா. அருமைநாயகம் அதைப் பார்த்தார். உள்ளுக்குள் பயந்தார். முதலில் ஆள் ஓடி வரவேண்டிய ஓட்டை அல்லவா அது?

இரண்டாயிரத்து ஏழு பிறந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் பீரங்கிச் செல் விழும் சத்தம். சனம் மூட்டை முடிச்சோடு இக்கரைக்கு வந்துகொண்டிருந்தது. யார் யாரோ வந்து சண்டைக்குப் பிள்ளைகளைக் கேட்ட காலம். யார் என்று பெயர் சொல்லாமல் 'ஆக்கள்' என்று மட்டும் சொன்ன காலம். தனுஷாவுக்குப் பதின்மூன்று. வயதுக்கு மீறிய வளர்த்தி.

ஒரு பின்னேரம் அருமைநாயகம் தோணியில் நின்ற நேரம் அவர்கள் வந்தார்கள். மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையில் விட்டுவிட்டு இரண்டு பொடியன்கள். இரத்தினம்மா கோயிலுக்குப் போயிருந்தா.

"வீட்டில எத்தின பேர்? உனக்கு எத்தின வயசு?"

தனுஷா மூச்சை நிறைய இழுத்தாள். வீடு வீடாகப் போய்ப் பழகிய தொண்டை அது. வாவியில் நிற்கிற அப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும், "அப்பா!" என்று கத்தினாள்.

அடைத்த கிடுகைப் பிய்த்துக்கொண்டு வந்தவ ஆச்சிப்பிள்ளை. கையில் அன்றைக்கும் உலக்கை. பின்னால் மற்றவர்கள். பேசியது முழுக்க ஆச்சிப்பிள்ளைதான்.

"என்ன வேணும் உங்களுக்கு? இது என்ட மகள்ர வீடு. இவள் என்ட பேத்தி. வயசு பதினொண்டு. இன்னும் கேக்கணுமா? கேளுங்க. என்னைக் கேளுங்க."

ஒழுங்கை முழுக்கப் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். பொடியன்களில் ஒருவன் ஏதோ சொல்லப் போனான். மற்றவன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவர்கள் திரும்பி வரவில்லை.

கரைக்கு வந்த அருமைநாயகத்துக்கு யாரோ பாதி வழியிலேயே சொல்லிவிட்டார்கள். நண்டுக் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தனுஷா ஆச்சிப்பிள்ளையின் குசினியில் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் பிய்ந்த வேலியைப் பார்த்தார். அந்த இடத்திலேயே குந்தி, தவமணிக்குக்கூட அழாத அழுகையை அழுதார்.

"அழாத தம்பி" என்றா ஆச்சிப்பிள்ளை. "நாளைக்கு ரெண்டு கிடுகு கொண்டு வா. ஓட்டைய நல்லாப் பெரிசா வைச்சுக் கட்டு. எனக்கு இடுப்புக் கீறிப்போச்சு."

இரண்டு வருஷம் கழித்துச் சண்டை முடிந்தது. டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள். ஒழுங்கையில் யாரும் கொளுத்தவில்லை. இரத்தினம்மா குடிலில்தான் இருந்தா. கட்டாரிலிருந்து மகன் பேசும்போது தனுஷாதான் போனைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்த வருஷக் கடைசியில், இன்னும் வீடில்லாமல் இருக்கிறவர்களுக்குப் புதிதாக ஒரு திட்டம் என்று ஓர் இளம் அதிகாரி பெயர் விசாரித்துக்கொண்டு வந்தார். ஆச்சிப்பிள்ளை கடப்படியில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தா. அருமைநாயகம் வேலிக்கு உள்ளே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வெளியே பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

"அருமைநாயகத்தின் வீடு எது அம்மா?"

"அப்பிடி ஒரு வீடு இஞ்ச இல்ல தம்பி."

"ஆரையம்பதி, வாவிக்கரை ஒழுங்கை எண்டுதானே சொன்னாங்க?"

"ஆள் இருக்கிறார். வீடில்ல. அவர் தனுஷாட வீட்டில இருக்கிறார். இதுதான் தனுஷாட வீடு."

"அப்ப அவருக்குச் சொந்தமா வீடே இல்லையா?"

அருமைநாயகம் பொத்துகிற ஊசியை வைத்துவிட்டு வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஓம் தம்பி. இல்ல எண்டே எழுதுங்க. ஆனா எனக்கு ஒண்டும் வேணாம்."

அதிகாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அடுத்த ஒழுங்கைக்குப் போனார். உள்ளே தனுஷா சோறு போட்டுவிட்டு, சத்தம் போடாமல், பேசுகிற குரலிலேயே கூப்பிட்டாள்.

"அப்பா."

அருமைநாயகம் எழும்புவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து யாரோ, "உன்னத்தான் தம்பி, புள்ள கூப்பிடுறாள்" என்றார்கள்.