அப்பா அங்கிள்

எனக்குக் கல்யாணம் நடந்தபோதே நாற்பது தாண்டிவிட்டது. மகள் யு.கே.ஜி. போகும்போது தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. தில்லி மயூர் விஹாரில் அவள் பள்ளிக்கூட வாசலில் நான் எப்போதும் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். மற்ற அப்பாக்கள் எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள், வாய் நிறையப் பேசுகிறவர்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளமும் புளியும் விற்கும் கடையில் வேலை செய்கிற எனக்கு இந்தியில் விலை சொல்ல வரும். அதற்கு மேல் வராது.

போன குளிர்காலத்தில் அவள் வகுப்பை ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குக் கூட்டிப்போனார்கள். சின்னப் பிள்ளைகள் என்பதால் வீட்டுக்கு ஒருவர் கூட வரலாம் என்றார்கள். மனைவி நர்ஸ், அவளுக்கு டியூட்டி. நான் கடையில் லீவு சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

பஸ்ஸில் முதலில் ஏறி மகளுக்காக ஜன்னல் ஓர இடத்தைப் பிடித்துவைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய்த் தன் தோழி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கூடத் தோழியின் அப்பா. முப்பது வயதிருக்கும், நல்ல உயரம். அவர் எருமை மாதிரிக் கத்திக் காட்ட, என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எருமை அப்படியா கத்தும்?

ஒரு பையன் என்னைக் காட்டி, "யே அங்கிள் கௌன் ஹை?" என்று நான் யாரென்று அவளிடம் விசாரித்தான்.

"அப்பா," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த வகுப்பில் மற்ற எல்லோருக்கும் பப்பாதான். அப்பா என்பது என் பெயர் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். பண்ணை வருவதற்குள் நான் 'அப்பா அங்கிள்' ஆகிவிட்டேன்.

அங்கே பிள்ளைகளைக் கேரட் பிடுங்க விட்டார்கள். அது முடிந்ததும் அந்த ஆள் என் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு எருமைக் கொட்டகைப் பக்கம் ஓடினார்.

"ஜல்தி, அங்கிள், ஜல்தி!" என்று அவர் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"நீங்களும் ஓடி வாங்க, அங்கிள்ஜி!" என்று போகிறபோக்கில் என்னையும் இந்தியில் கூப்பிட்டார். அவருக்கு நான் அங்கிள்ஜி. இடுப்பு வலி வந்த பிறகு நான் மகளைத் தோளில் தூக்குவதை விட்டிருந்தேன். அவர் சேற்றில் வழுக்கி விழட்டும் என்று நினைத்தேன். மேலே இருப்பது என் பெண் என்பது உடனே உறைத்தது. விழ வேண்டாம் என்று மாற்றிக்கொண்டேன்.

தண்ணீர்க் குழாயடியில் போய் உட்கார்ந்தேன். சேறும் கையுமாக ஒரு பையன் வந்து நின்றான். கழுவிவிட்டேன். அடுத்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கூப்பிடும் அவசரத்தில் 'அங்கிள்' கழன்றுபோய், "அப்பா, மேரா! அப்பா, மேரா!" என்று என்னுடையதை, என்னுடையதை என்று கைகளை நீட்டினார்கள். தன் அப்பாவோடு ஓடி ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கிய அந்தத் தோழியும் வந்து, உரிமையாக என் முழங்காலில் உட்கார்ந்து, "அப்பா, மேரா ஷூ," என்று காலை நீட்டினாள்.

அப்போதுதான் அவள் அப்பா திரும்பி வந்தார். என் மகள் இன்னும் அவர் தோளில்தான்.

"அட, அங்கிள்ஜி, உங்க பேரா அது?"

"பேரில்லை. எங்கள் பாஷையில் அப்பா என்றால் பப்பா," என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். வழக்கத்தைவிடச் சத்தமாகவே சொன்னேன்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அங்கிள் போலோ, பேட்டா," என்று தன் பெண்ணைத் திருத்தினார். அவளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா! அப்பா! அப்பா!" என்று கூவினாள். நான் தடுக்கவில்லை. "ஆஜா பேட்டா, இன்னொரு கால்," என்றேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

தோளில் இருந்தவள் காலை உதைத்துக்கொண்டு இறங்கினாள். ஓடி வந்து தோழியைப் பிடித்து ஒரே தள்ளு. தோழி சேற்றில் உட்கார்ந்தாள்.

"மேரே அப்பா! என் அப்பா! உன்னோட பப்பா அங்கே நிக்கிறார்ல, போ!" பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏன் அவளுக்குக் கழுவுற? எனக்குத்தான் கழுவணும். யாரும் அப்பான்னு கூப்பிடக் கூடாது. நீ சொல்லு எல்லார்கிட்டயும்!" என்று அழுதாள்.

அவள் கை சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டு தரம் கழுவினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் மடியை விட்டு அசையவில்லை. அந்த ஆள் எருமைக் குரல் கொடுத்துப் பார்த்தார். இவள் முகத்தை என் சட்டைக்குள் திருப்பிக்கொண்டாள். டீச்சர் வந்து, தள்ளிவிட்டதற்குத் தோழியிடம் சாரி சொல்லவையுங்கள் என்றார்.

"போய் சாரி சொல்லிட்டு வாம்மா," என்றேன், அவளுக்குக் கேட்காத அளவு மெதுவாக.