தடுப்பூசி அட்டையில் நான்கு வகைகள்

காலை ஆறு பத்து. கொட்டிலில் முதலில் கண்ணில் பட்டவை, தாய்ப்பன்றியின் மடியருகே அசையாமல் கிடந்த ஏழு குட்டிகள். பிறந்து மூன்று நாள். வாலடியில் வெள்ளையாகக் கழிந்து காய்ந்திருந்தது. உயிரோடு நான்கு இருந்தன.

என் மைத்துனன் தூத்துக்குடியிலிருந்து கேரளாவுக்கு மீன் அனுப்புகிறவன். உப்பளங்களைத் தாண்டி இந்தக் கொட்டிலைப் போட்டு இரண்டு வருடமாகிறது. குட்டிகளுக்குக் கழிச்சல் வராதிருக்கச் சினைப்பன்றிக்கே இரண்டு ஊசி போட வேண்டும். காப்பு சீம்பால் வழியே குட்டிக்குப் போகும். இரண்டும் போட்டிருந்தான். பக்கத்துத் தடுப்பில் இன்னொரு சினைப்பன்றி. அதற்கு ஓர் ஊசி முடிந்து, அடுத்தது அடுத்த வாரம்.

“மருந்துல கள்ளம் இருக்கு அத்தான். நாலு ஸ்ட்ரெயின்னு அட்டையில போட்டிருக்கான். உள்ள ரெண்டு இருந்தா பெருசு. நீங்க பேப்பர்ல இருந்தவுகதான, பாத்துச் சொல்லுங்க.”

மருந்து வந்த அட்டைப்பெட்டி, மிச்சம் வைத்திருந்த குப்பி, பெட்டிக்குள் மடித்திருந்த விளக்கத் தாள் மூன்றையும் அருகருகே வைத்தேன். குட்டிகளின் குடலில் ஒட்டும் கிருமியில் நான்கு வகை. மூன்று இடத்திலும் நான்கும் அதே வரிசையில் இருந்தன. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எனக்குச் சந்தேகம் கூடியது.

செத்த குட்டி ஒன்றைத் திருநெல்வேலி ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு, மருந்து வாங்கிய கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி ஃப்ரிட்ஜைத் திறந்து வெப்பமானியைக் காட்டினார்.

“நாலு டிகிரி. நல்லாப் பாத்துக்கிடுங்க. ஐஸோட சேத்து மீனை நிறுக்கிற ஆளு என்னையக் கள்ளங்கான்!”

“ஐஸோட நிறுத்தா கேரளாக்காரன் விடுவானா அண்ணாச்சி?” மைத்துனன் சிரிக்கவில்லை.

நான்காம் நாள் ஆய்வக முடிவு வந்தது. குட்டியைக் கொன்றது அட்டையில் முதலாவதாக அச்சிட்டிருந்த அதே வகை. அப்படியானால் மருந்து ஏன் கேட்கவில்லை?

கால்நடை மருத்துவர் மிச்சக் குப்பியைக் குலுக்கி மேசையில் வைத்தார். பால்போல நிற்க வேண்டியது, துகள்துகளாக அடியில் இறங்கியது.

“இது உறைஞ்சு உருகுன மருந்து. உறைஞ்சா நாலு ஸ்ட்ரெயின் இருந்தும் பிரயோசனமில்ல. எதுல கொண்டு போனீங்க?”

“நம்ம மீன்பெட்டியிலதான் சார்,” என்றான் மைத்துனன், சற்றுப் பெருமையாகவே. “கீழயும் மேலயும் ஐஸு, அதுல ரெண்டு கை கல்லுப்பு. கோட்டயம் போனாலும் மீனு கல்லு கணக்காக் கெடக்கும்.”

“அப்ப மருந்தும் கல்லாத்தான கெடந்திருக்கும்,” என்றார் மருத்துவர். அவன் என்னைப் பார்த்தான்.

அன்றே புதுக் குப்பி வாங்கினோம். அண்ணாச்சி தன் பெட்டியிலேயே வைத்து, உப்பில்லை என்று திறந்து காட்டிக் கொடுத்தார்.

இரண்டாவது பன்றிக்கு ஏற்கெனவே போட்டிருந்த முதல் ஊசியும் மீன்பெட்டியில் வந்ததுதான்.