பீரோவின் கழுத்து

என் தம்பியின் கழுத்துக்கு ஒன்றுமே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் "கழுத்து இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் கழுத்தைவிட நன்றாக இருக்கிறது என்று கத்தத் தோன்றும். கத்த முடியாது. "பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கத்துவது எனக்குப் புதிதில்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் பக்கத்து பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரல் இறங்காது. அம்மா ஒரு சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே பட்டன் தைக்கிறாள். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். மீதி இருப்பவன் தம்பி. பதினைந்து வயதிலேயே வாசற்படியில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. தெருப் பிள்ளைகள் 'பீரோ' என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. "யாராவது அந்த பீரோவை நகர்த்துங்கப்பா, டிவி தெரியல" என்று நானே தினமும் சொல்வேன். அவன் சிரித்துக்கொண்டே அங்கேயே நிற்பான்.

அந்த உடம்பைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் அவனை ரக்பியில் இழுத்து விட்டார்கள். எனக்கு அந்த ஆட்டத்தின் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஸ்க்ரம் ஒன்றுதான் புரிந்தது. பந்தை யாராவது முன்பக்கம் தவறவிட்டால், இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து, குனிந்து, தலைக்குள் தலையைச் செருகி, ஒருவரையொருவர் தள்ளுவார்கள். முன்வரிசையில் இரண்டு ஓரத்திலும் நிற்பவனுக்கு பிராப் என்று பெயர். பின்னால் தள்ளுகிறவனுடைய பலமும் எதிரே தள்ளுகிறவனுடைய பலமும் அவன் கழுத்தில்தான் வந்து இறங்கும். பழகாதவன் அங்கே நின்றால் எலும்பு தெறித்துவிடும். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். பழகிய பிராப் காயம்பட்டு வெளியே போய், பதிலுக்கு இன்னொரு பிராப் இல்லை என்றால், அதற்கு மேல் அந்த ஆட்டத்தில் யாரும் தள்ளக்கூடாது. சும்மா சாய்ந்துகொண்டு நின்றுவிட்டுப் பிரிந்துவிட வேண்டும்.

ஆக, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பெஞ்சில் ஒரு பிராப் உட்கார்ந்திருந்தே ஆகவேண்டும். அப்படித்தான் எங்கள் ஊர் கிளப் என் தம்பியை எடுத்துக்கொண்டது. அவன் இடத்தில் களத்தில் ஆடிய பிராப் ஒரு பிளம்பர். பழம் தின்று கொட்டை போட்ட ஆள். காது இரண்டும் நசுங்கிப்போய், முட்டியில் நான்கு சுற்று பேண்டேஜ் கட்டிக்கொண்டு, கடைசி விசில் வரைக்கும் வெளியே வரமாட்டார். தம்பி இரண்டு சீசன் பெஞ்சில் இருந்தான். வாரநாளில் சமையல் காஸ் குடோனில் சிலிண்டர் ஏற்றுவான், சாயங்காலம் பயிற்சிக்கு ஓடுவான், சனிக்கிழமை போய் உட்கார்ந்துவிட்டு வருவான். அழுக்கே படாத ஜெர்சியை அம்மா ஞாயிற்றுக்கிழமை துவைத்துப் போடுவாள்.

"இலவு காத்த கிளி கதையா இருக்குடா உன் பொழப்பு. வேற கிளப் பாரேன்" என்பேன்.

"ஒரு தடவை ஆடிக் காமிக்காம எந்த கிளப்புல போய் என்னன்னு கேக்கறது அக்கா? ஒரே ஒரு மேட்ச். யாராவது ஒருத்தர் பாக்கணும். அவ்வளவுதான்" என்பான்.

அவனுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கண்ணில் படவேண்டும்.

இரண்டாவது சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. தோற்றால் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடும். அன்றைக்குப் பெரிய கிளப்பிலிருந்து ஒருவர் ஆள் பார்க்க வந்திருந்தார். தொப்பியைக் கழற்றாமல், கைதட்டாமல், தனியாக உட்கார்ந்திருந்தார். அங்கே எடுத்துக்கொண்டால் சம்பளம் உண்டு. சிலிண்டர் தூக்க வேண்டாம். நானும் அம்மாவும் அவருக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அம்மா முறுக்கின கைக்குட்டையை விடவே இல்லை.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். நம் பக்கம் ஒரே ஒரு பாயிண்ட் கூடுதல். பிளம்பர் கீழே விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. முட்டி போய்விட்டது, நிஜமாகவே போய்விட்டது. கோச் பெஞ்சைப் பார்த்துக் கையை ஆட்டினார். என் தம்பி எழுந்தான்.

"அம்மா, பீரோ இறங்கிட்டான்!" என்று நான் போட்ட சத்தத்தில் தொப்பிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

எதிரணிக்கு ஸ்க்ரம். அதுவும் நம் கோட்டுக்குப் பக்கத்திலேயே. அவர்கள் அன்றைக்கு நம் ஆட்களைத் தள்ளு தள்ளென்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். இந்த முறையும் அப்படியே தள்ளிக் கோட்டுக்கு உள்ளே பந்தைக் கொண்டுபோய்ப் பாயிண்ட் எடுத்துவிடலாம் என்று வந்தார்கள். தம்பி பக்கம் அசையவில்லை. ஸ்க்ரம் சரியில்லை, மறுபடி போடுங்கள் என்றார் ரெஃப்ரீ. இரண்டாவது தடவை தம்பியின் முதுகு மெல்ல நிமிர்ந்தது. எதிரே நின்றவன் ஒரு அடி பின்னால் போனான், இன்னொரு அடி போனான். ஐயோ, அதை நான் எப்படிச் சொல்வேன்! தொப்பிக்காரர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மறு ஓரத்தில் நின்ற நம் பிராப் களைத்துப்போய்ச் சரிந்தான். மறுபடியும் ஸ்க்ரம் என்றார் ரெஃப்ரீ.

அந்த இடைவெளியில் முதலுதவிக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். தம்பியின் காதில் ஏதோ சொன்னார். பிறகு தம்பியே எனக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"கோச் சொல்றாரு. கழுத்தைப் புடிச்சிட்டுப் படுத்துடு."

"எதுக்கு? நான் நிக்கறேனே!"

"நீ நிக்கறே, அந்தப் பக்கம் நிக்கலையே. நீ போயிட்டா நமக்கு வேற பிராப் கெடையாது. அப்புறம் யாரும் தள்ள முடியாது. டீம் பொழைச்சுடும். யோசிக்காத, படு."

அவன் பிளம்பரைப் பார்த்தானாம். வெளியே ஐஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டாராம். அடுத்த ஸ்க்ரம் கோத்த உடனே தம்பி கீழே விழுந்து இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

பெற்ற வயிறு என்ன பாடுபடும்? அம்மா வேலியைத் தாண்ட முயன்று விழுந்தாள். நான் அவளைத் தூக்குவதா, அவனிடம் ஓடுவதா? அவன் கழுத்தில் பட்டை மாட்டி, பலகையில் கட்டி, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீதி நேரம் இரண்டு அணியும் சாய்ந்து சாய்ந்து நின்று பிரிந்தார்கள். எதிரணிக்காரர்கள் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ரெஃப்ரீ கடைசி விசில் ஊதினார், நாம் ஜெயித்துவிட்டோம்.

ஆம்புலன்ஸ் பக்கத்தில் தொப்பிக்காரர் வந்தார். இப்போதுதான் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க அக்காவாம்மா? அந்த ரெண்டு ஸ்க்ரம் பார்த்தேன். இந்த வயசுல அப்படி ஒருத்தன் நிக்கறது அபூர்வம். கழுத்து சரியானதும் எங்க கிரவுண்டுக்கு வரச் சொல்லுங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மாவை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டு நான் பின்னால் ஏறினேன். கதவு மூடியதும் தம்பி கண்ணைத் திறந்தான்.

"அக்கா, அழாத. ஒண்ணுமில்ல. சும்மாதான் படுத்தேன்."

கட்டிப்போட்டிருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் ஒரு அறை விட்டேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. வலிக்கிறது என்று அவன் சொன்னதால் மூன்று மாதம் ஆடக்கூடாது என்று அனுப்பினார்கள். உண்மையைச் சொல்ல வழியில்லை. நடித்தது தெரிந்தால் ஜெயித்த ஆட்டம் செல்லாது, கிளப் கீழே இறங்கும், அவனுக்குத் தடை. அம்மாவிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அவள் என்ன செய்தாள் தெரியுமா? குடோன் முதலாளியிடம் போய், என் பிள்ளையை இனிமேல் சிலிண்டர் தூக்க விடாதீர்கள் என்று அழுதிருக்கிறாள். அவர் பாவம் பார்த்து அவனை கேட்டில் உட்காரவைத்துவிட்டார். வருகிற லாரிக்குக் கதவு திறந்து விடுவான். சம்பளமும் அதற்கேற்ற மாதிரி.

புது சீசன் வந்தது. கோச் இன்னொரு பையனைப் பெஞ்சுக்கு எடுத்திருந்தார். தம்பி தடுக்கத் தடுக்க நான் போனேன்.

"நீங்க சொல்லி அனுப்பித்தானே சார் அவன் படுத்தான்?"

கோச் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசும்மா. நான் இல்லேங்கல. ஆனா கழுத்து அடின்னு லீக்ல பதிவாயிடுச்சு. இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டேங்கறான். நான் என்ன பண்ணட்டும்? எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு."

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நல்லா இருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

மிச்சம் இருந்தது தொப்பிக்காரர் ஒருவர்தான். டிரைவிங் ஸ்கூல் காரிலேயே தம்பியை ஏற்றிக்கொண்டு பெரிய கிளப்புக்குப் போனேன். நல்ல மனுஷர், ஞாபகம் வைத்திருந்தார். எங்களை ஜிம்முக்குப் பக்கத்தில் ஒரு அறையில் உட்காரவைத்தார். ஆஸ்பத்திரிப் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். தம்பியின் கழுத்தை விரலால் அழுத்தி, அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, ஒளிவுமறைவு இல்லாமக் கேக்கறேன். படத்துல ஒண்ணுமே இல்ல. கையிலயும் ஒண்ணும் தட்டுப்படல. அன்னைக்கு வலி நிஜம்னா, காரணமே தெரியாத வலி. அப்படிப்பட்ட கழுத்தை நான் ஸ்க்ரம்ல விடமாட்டேன், கொலைப்பழி எனக்கு வேண்டாம். நிஜம் இல்லன்னா, நீ நடிச்சே. அதை நீ சொல்லிட்டா நான் லீக்குக்குச் சொல்லியாகணும். ரெண்டு வருஷம் தடை போடுவாங்க. அப்புறம் வா, பாக்கறேன். வயசு இருக்கு உனக்கு. எதுன்னு சொல்லு."

அவர் வழி காட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. தம்பியின் காலை என் காலால் மிதித்தேன். சொல்லித் தொலையேன்டா! கிளப் கீழே போனால் போகட்டும், கோச் நாசமாய்ப் போகட்டும். இரண்டு வருஷம் என்ன, கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

தம்பி தன் கை இரண்டையும் பார்த்தான்.

"நிஜமா வலிச்சுது சார்" என்றான்.

அவர் படத்தை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்தார்.

காரை எடுத்து இரண்டு தெரு தாண்டினேன். அதற்கு மேல் முடியவில்லை. ஓரம் கட்டினேன்.

"உனக்குப் புத்தி இருக்காடா? அந்தக் கூட்டத்துக்காகவா? உன்னை எவனாவது வந்து எட்டிப் பாத்தானா? அந்த பிளம்பர் வந்தாரா?"

"அவங்களுக்காக இல்லக்கா."

"பின்ன எதுக்கு?"

அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சின்ன காரில் அவன் முழங்கால் டேஷ்போர்டில் இடித்துக்கொண்டிருந்தது.

"நான் ஆடுனதே அந்த ரெண்டு ஸ்க்ரம்தான். அவரு கண்ணால பாத்திருக்காரு. நடிச்சேன்னு சொன்னா, அந்த ரெண்டும் பொய்தான்னு நெனச்சுக்குவாங்கக்கா."

அவனுக்கு அப்போது இருபத்திரண்டு முடியவில்லை. பின்னால் வந்த வண்டிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினேன்.