எதிர்ப்புக் கடிதத்தைக் கையில் கொண்டுபோன அக்கா

ஓரிடத்தில் இருக்கத் தெரியாத எங்கள் அக்கா, இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்களையெல்லாம் இருத்திவைத்திருக்கிறார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்த நானும் இருப்புக்கொள்ளாமல் எழுந்தெழுந்து நடந்தேன். கூடப்பிறந்த தம்பிக்கு அந்தக் குணம் கொஞ்சமாவது ஒட்டாமல் போகுமா?

கொடிகாமத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்த அக்கா, ஐயா காலமானதும் குடும்பத்தைத் தாங்கத் தபாற் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். சாவுத் தந்தி வந்தால் சேவகன் வரும்வரை பொறுக்கமாட்டார்; தானே சைக்கிளில் ஏறிவிடுவார். "செத்த செய்தி மேசையில கிடக்கக் கூடாதடா" என்பார்.

நாட்டுநிலை கெட்டதும் அத்தானுடனும் மகளுடனும் என்னையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோ வந்து, ஸ்காபரோவில் தொடர்மாடியொன்றில் குடியேறி, தொழிற்சாலை வேலைக்குப் போனார். அங்கேதான் அந்த இடி விழுந்தது. ஊரில் அம்மா இறந்தபோது தொலைபேசித் தொடர்பு இல்லை. நகரின் மறுகோடி ரெக்ஸ்டேலில் இருந்த ஊரவர் ஒருவருக்குச் செய்தி எட்டியும், எங்களை எப்படித் தேடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று அக்கா ஒரு பிறந்தநாள் வீட்டில் நின்று கேக் சாப்பிட்டிருக்கிறார். அந்தக் கேக் அவர் தொண்டையை விட்டு இறங்கவேயில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், அத்தானின் சித்தப்பா மகன் தமிழ் வானொலி நடத்த அரச ஆணையத்திடம் உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். றிச்மண்ட் ஹில்லில் இருந்ததால் எங்களுக்கு அவர் றிச்மண்ட் ஹில் மச்சான். வெளியூரில் பதிவுசெய்த பாட்டு நிகழ்ச்சிகளை நாள் முழுவதும் ஒலிபரப்புவதே அவர் திட்டம். கேள்விப்பட்ட அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"பாட்டு எங்கையிருந்தும் வரட்டும். செத்த ஆக்களின்ரை பேரை விடிய ஆர் வாசிக்கிறது?"

விண்ணப்பத்தை எதிர்த்து ஆணையத்துக்கு எழுதினார். அத்தான் கெஞ்சிப் பார்த்தார். "சொந்தத்துக்குள்ள வழக்கோ? நாளைக்கு எப்பிடியப்பா முகத்தில முழிக்கிறது?"

"முழிக்கத்தான் நேர போறன்."

எதிர்ப்பவர் ஒரு பிரதியை விண்ணப்பதாரருக்கும் சேர்ப்பிக்க வேண்டுமென்பது விதி. தபாலில் அனுப்பியிருக்கலாம்; அவரும் தபாலிலேயே வேலை பார்த்தவர்தான். ஆனால் சொந்தத்துக்குச் சொல்வதை வீடு தேடிப்போய்ச் சொல்வதே எங்கள் வழக்கம் என்று பிடிவாதமாக நின்றார். பயித்தம் பணியாரம் ஒரு ரின் நிறையச் சுட்டார். கார் ஓட்டியவன் நான்.

மச்சானின் மனைவி நீண்ட உறையைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "மகளுக்குக் கலியாணம் சரிவந்திட்டுதோ அக்கா?" என்று கேட்டபடியே இரண்டு கையாலும் வாங்கிச் சாமிப் படத்தடியில் வைத்து விளக்கையும் ஏற்றிவிட்டார். அக்கா மறுக்க வாயெடுப்பதற்குள் மச்சான் அதை எடுத்துப் பிரித்துவிட்டார். வாசிக்க வாசிக்க அவர் முகம் கறுத்தது.

"இதைத் தபாலில போட்டிருக்கலாமே, மச்சாள்?"

"எதிர்ப்பெண்டாலும் நேரில சொல்லவேணும், தம்பி. பணியாரம் சூடா இருக்கு, சாப்பிடுங்கோ."

அவர் தொடவில்லை.

நகரத்து விடுதி மண்டபமொன்றில் விசாரணை நடந்தது. தன் முறை வரும்வரை அக்கா குட்டி போட்ட பூனை மாதிரி நடைபாதையில் திரிந்தார். உள்ளே போனதும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தப் பிறந்தநாள் கேக்கின் கதையைச் சொன்னார். "அப்படியானால் இவருக்கு உரிமம் கொடுக்கக் கூடாதா?" என்று ஆணையாளர் கேட்டார். கொடுங்கள், ஆனால் காலையில் ஓர் ஆளை மைக்குக்கு முன்னால் இருத்தி மரண அறிவித்தல் வாசிக்கச் சொல்லுங்கள் என்றார் அக்கா. பதில் சொல்ல எழுந்த மச்சான், வழக்கறிஞர் எழுதிக்கொடுத்ததை மேசையில் கவிழ்த்து வைத்தார். "இருத்துகிறேன்" என்பதுதான் அவர் சொன்ன பதில்.

உரிமமும் கிடைத்தது, காலை அறிவித்தலும் தொடங்கியது. ஆனால் மச்சான் அதற்குப் பிறகு கொண்டாட்டங்களில் அக்காவைக் கண்டால் தலையாட்டுவதோடு சரி. "கோவம் எண்டாலும் சொன்ன சொல்லைக் காப்பாத்துறான்" என்று அக்கா மெச்சுவார். ஆனால் அவர் பேசாதது அக்காவுக்கு உள்ளுக்குள் பெரிய வேதனை.

நோய் படுத்திய கடைசி நாட்களிலும், சேலைன் கம்பியை உருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்க நடந்தார். காலை அறிவித்தலுக்கு மட்டும் கட்டிலுக்குத் திரும்புவார். முன்பின் தெரியாத பெயரென்றாலும் "ஆர் பெத்த பிள்ளையோ" என்று கண் கலங்குவார்.

அக்கா கண்மூடிய அன்று விடியப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. செய்தி கேள்விப்பட்ட மச்சான், அறிவித்தலை எழுதிக்கொண்டு அத்தானின் கதவடியில் வந்து நின்றார்.

"வாசிக்க முந்தி ஒருக்கா பாருங்கோ, அண்ணை."

"இந்தப் பனிக்குள்ள ஏன் வந்தனீ? போனில சொல்லியிருக்கலாமே" என்றார் அத்தான்.

"மச்சாள் எனக்கு எதிரான கடிதத்தையே வீட்டை கொண்டுவந்து தந்தவ. இதை நான் போனில கேட்கலாமோ?" என்று சொல்லும்போதே அவர் உடைந்து அழுதார். பிறகு அதைத் தானே மைக்குக்கு முன்னால் இருந்து வாசித்தார்.

அந்தக் குரலைக் கேட்டு ஸ்ரௌவ்வில்லில் இருந்தும் ரெக்ஸ்டேலில் இருந்தும் ஓடிவந்தவர்களுக்கும், பராமரித்த தாதியருக்கும், கிரியைகள் செய்த ஐயருக்கும், உணவு சமைத்துத் தந்த அயலவருக்கும், றிச்மண்ட் ஹில் மச்சானுக்கும் எங்கள் நன்றி. அதை வீடு வீடாக வந்து சொல்ல முடியாமல் இந்த நினைவு மலரில் சொல்கிறோம். அக்கா இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். "காரை எடடா" என்றிருப்பார்.