தலைவரைப் பிடிக்காதவர்

கொட்டாரம் வாசகசாலையில் எனக்கு எதிரே உட்காரும் தேங்காய் வியாபாரி ஒல்லியானவர். பத்திரிகையோடு சண்டை போட்டுக்கொண்டேதான் வாசிப்பார்.

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்ற போராட்டம் சூடாக இருந்த நேரம் அது. போராட்டத் தலைவரைப் பற்றி அறிய ஒரு சிறு புத்தகம் எடுத்திருந்தேன்.

"அந்த ஆளு ஊரைக் கெடுக்கான் வே. அவனைப் பத்தி வாசிக்க வேற செய்யணுமாக்கும்?" என்றார் வியாபாரி. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

திடீரென்று போலீஸ்காரர்கள் உள்ளே வந்தார்கள். அதே புத்தகத்தை வாசித்ததற்காக முந்தின வாரம் ஒருவரை ஸ்டேஷனில் அடித்து நொறுக்கியிருந்தார்கள். புத்தகத்தை மூடி மேசை நடுவே தள்ளிவிட்டேன்.

"இது ஆரு எடுத்தது?"

நான் வாய் திறக்குமுன், "நான்தான்" என்றார் வியாபாரி. புத்தகத்தோடு அவரையும் இழுத்துப் போனார்கள்.

சில நாள் கழித்து வீங்கிய கன்னத்தோடு வந்தார்.

"தலைவரை உமக்குப் பிடிக்காதே. பின்னே ஏன் ஓய்?" என்று கேட்டேன்.

"இப்பவும் பிடிக்காது. அதுக்காக, வாசிச்ச மனுசனை அடிக்கதைப் பாத்துட்டு இருக்கணுமா? சரி, முழுசா வாசிச்சீரா?"

"பாதிதான்."

"போச்சு! முழுசா வாசிச்சிருந்தா உம்மகிட்ட ஒழுங்காச் சண்டை போட்டிருப்பேன்."

அவர் இன்றும் எதிர்க்கட்சிதான். அவர் தலைவரை ஆதரிக்கும் எங்கள் பக்கம் இல்லையே என்ற குறை எனக்குத் தீரவில்லை.