முனியப்பன் வளைவில் ஒரு டர்போ

அந்த வருஷம் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் இரண்டே கட்சிதான். டர்போ கட்சி, டர்போ இல்லாத கட்சி. லாரி செய்கிற இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு புது லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தன. கூடலூரிலிருந்து முழுப் பாரத்தோடு எது முதலில் மேலே பாக்டரிக்கு ஏறி வருகிறதோ அதைத்தான் வாங்குவேன், ஓட்டியவருக்கே நிரந்தர வேலை என்று எஸ்டேட்டை நடத்தும் துரை சொல்லிவிட்டார்.

டர்போ என்றால் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி இழுவையைக் கூட்டுகிற விசிறியாம். அந்த லாரியை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த நாள்முதல், லயத்து வரிசை வீட்டில் ஒரே அறையை இன்னொரு குடும்பத்தோடு பங்குபோட்டு, நடுவே ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு கிடந்தோம். வேலை நிரந்தரமானால் தனி வீடு. எனக்குக் கம்பெனியும் தெரியாது, இன்ஜினும் தெரியாது. அந்த வீடு வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற லாரிக்கு டர்போ கிடையாது, இன்ஜின் பெரிசு. ஓட்டியவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர்.

பந்தயத்தன்று கொழுந்துக் கூடையோடு முனியப்பன் கோயில் வளைவுக்கு மேலே கூடி நின்றோம். டர்போ விசிலடித்துக்கொண்டு முதலில் வந்தது. கைதட்டினேன். கோயில் முன்னால் வந்ததும் லாரி நின்றுவிட்டது. அங்கே இன்ஜினை அணைத்து இறங்கிக் கும்பிடாமல் எந்த டிரைவரும் போகமாட்டார். லாரி கொண்டுவந்த கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் அது தெரியாது.

அதிலும் ஒரு சிக்கல். ஏற்றம் ஏறிய சூட்டோடு அணைத்தால் டர்போவுக்கு எண்ணெய் போகாமல் கருகிவிடுமாம். சற்று நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். கூட வந்த கம்பெனி மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஓடட்டும் விடுங்கண்ணா! அணைக்காமயே கும்புட்டுட்டு வாங்க!"

"இன்ஜின் கத்தக் கத்த சாமி முன்னால நிக்க ஏலாது தம்பி" என்று இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பின்னால் வந்த அண்ணன் நிறுத்தினார், டக்கென்று அணைத்தார், கும்பிட்டார், கிளப்பினார். "ஏனுங்க, நான் முன்னால போறனுங்க!" என்று சிரித்தபடி தாண்டிப் போனார்.

எனக்கு வந்ததே கோபம்! இவரை விட்டுவிட்டு முனியப்பனைத்தான் ஏசினேன். "ஒனக்கு மட்டும் ரோட்டோரத்துல தனி வீடு. எனக்கு ஒன்னு குடுத்தா கொறஞ்சா போயிருவ?"

இவரோ ஆற அமர அணைத்து, கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினார். நாங்கள் தேயிலைக்குள் குறுக்குவழியில் பாக்டரிக்கு ஓடினோம். கடைசி ஏற்றத்தில் அண்ணன் லாரி பாரம் தாங்காமல் முனகியது. பின்னாலேயே விசில் சத்தம். ரோடு அகலமாகிற இடத்தில் டர்போ முந்திக்கொண்டு கேட்டுக்குள் மூக்கை நுழைத்தது. கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதேன். இவர் இறங்கி வந்து சிந்திய கொழுந்தைப் பொறுக்கினார்.

வீட்டுச் சாவி வாங்கிய மறுநாள் அதே லாரியில் தேங்காயோடு கோயிலுக்குப் போனோம். வழக்கம்போல இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தோம்.

"ஏசினதுக்கு மன்னிப்புக் கேட்டுக்க புள்ள" என்றார்.

நான் கேட்கவில்லை. தேங்காயை உடைத்துவிட்டு, "ஒரு நாளைக்கு எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போ சாமி, இப்ப எடம் இருக்கு" என்றேன்.